டீக்கடையில் விசாரித்தது

நாணல் அறக்கட்டளை
பாளையங்கோட்டை
6 ஜனவரி 2025
(பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்)

பெறுநர்: திருமதி சு. முத்துராணி, தன்னார்வலர், மாலைப் படிப்பகம், சீவலப்பேரி.

அம்மையீர்,

குழந்தைகளுடன் பணியாற்றும் தன்னார்வலர்கள் அனைவரும் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்து, காவல்துறை நன்னடத்தைச் சான்று தர வேண்டும் என்று சென்ற செப்டம்பரில் முடிவு செய்யப்பட்டது. இதுகுறித்து உங்களுக்கு இருமுறை நினைவூட்டியும் கீழ்க்கண்டவை நிலுவையில் உள்ளன.

பயிற்சி: நவம்பர் 17 அன்று வந்தீர்கள். 24 அன்று வரவில்லை. முதல் நாளிலும் மதியத்துக்கு மேல் நீங்கள் தூங்கியதாகப் பயிற்சியாளர் குறிப்பு எழுதியிருக்கிறார்.

நன்னடத்தைச் சான்று: விண்ணப்பிக்கவே இல்லை.

நமக்கு நிதி தரும் நிறுவனத்தினர் ஜனவரி 31 அன்று பதிவேடுகளைப் பார்வையிட வருகிறார்கள். அதற்குள் இரண்டையும் முடிக்காவிட்டால் படிப்பகப் பணியிலிருந்து உங்களை விடுவிக்க நேரிடும்.

இப்படிக்கு,
சித்ரலேகா, ஒருங்கிணைப்பாளர்

(கையால் எழுதியது) அக்கா, கோபப்படாதீர்கள். முப்பத்தொரு பேருக்கும் இதே மாதிரிக் கடிதம்தான், பெயரையும் நிலுவையையும் மட்டும் மாற்றியிருக்கிறோம். ஒரு போன் செய்யுங்கள்.


சீவலப்பேரி
11.1.2025

ஒருங்கிணைப்பாளர் அவர்களுக்கு முத்துராணி எழுதுவது.

உங்க தபாலை நேத்து போஸ்ட்மேன் அட்டையில கையெழுத்து வாங்கிட்டுத்தான் தந்தாரு. எங்க வீட்டுக்காரவுக பயந்துட்டாவ. "ஏட்டி, எங்கனயும் ஜாமீன் கையெழுத்து போட்டியா?"ன்னு கேக்காவ. எம் மக தேன்மொழி வாசிச்சுச் சொன்ன பெறகுதான் அவுகளுக்கு மூச்சு வந்துச்சு.

நாலு வருசமா போன்ல, "அக்கா, சுண்டல் வெந்துட்டா? எத்தனை பிள்ளைக வந்திருக்கு?"ன்னு கேட்ட ஆளு நீங்க. இப்ப திருமதி, அம்மையீர்னு எழுதுதீங்க. இருக்கட்டும். எழுத்துல கேட்டா எழுத்துலதான் பதில். இனி போன் எடுக்க மாட்டேன். போன்ல சொன்னதை நாளைக்கு நான் சொல்லவே இல்லைன்னு நீங்க குறிச்சு வச்சிருவீங்க.

நான் தூங்கல. காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு நடவுக்குப் போயிட்டு, குளிச்சிட்டு, பஸ்ஸைப் பிடிச்சு வந்தேன். மத்தியானம் கண்ணை மூடிட்டுக் கேட்டேன். காது தொறந்துதான் இருந்துச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமையும் நடவு. நம்ம ஆபீஸ்ல ஞாயித்துக்கிழமை லீவு, நாத்தங்காலுக்கு லீவு கிடையாது.

அந்தப் பயிற்சியில சொன்னதெல்லாம் நல்ல விசயம்தான், இல்லைங்கல. ஆனா இந்தச் சட்டம் யாரால வந்துச்சுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். படிப்பகத்துக்குப் பாடம் எடுக்க வந்த குற்றாலலிங்கம் சார் பிள்ளைகளை அடிக்காருன்னு மூணு தடவை உங்ககிட்ட சொன்னேன். "அவர் எனக்கே கணக்குப் பாடம் எடுத்தவர் அக்கா, கண்டிப்பு அதிகம், அவ்வளவுதான்"னீங்க. கடைசியில அவரு அடிச்ச அடியில சந்தனமாரி காதுல ரத்தம் வந்துச்சு. எட்டு வயசுப் பிள்ளை. இன்னைக்கும் இடது பக்கம் கூப்பிட்டா திரும்ப மாட்டா. அவருக்கு எந்தக் காயிதமும் கேக்கல. எங்கிட்ட கேக்குதீங்க.

போலீஸ் காயிதம் தர மாட்டேன்னு சொல்லல. தை கழியட்டும். இப்ப வேண்டாம். காரணம் கேக்காதீங்க. மாசி பிறந்ததும் நானே வந்து என்ன கேட்டாலும் எழுதித் தாரேன்.

பிள்ளைக இருபத்தி நாலு பேரும் வாராவ. ஆத்துல தண்ணி நிறையப் போவுது, அதனால பாலம் தாண்டி வீடு வரைக்கும் நானே கொண்டு விடுதேன்.

முத்துராணி


பாளையங்கோட்டை
18 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு முறை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை, ஆகவே எழுதுகிறேன். அலுவலகத் தாளில் அல்ல, என் நோட்டிலிருந்து கிழித்த தாளில்.

குற்றாலலிங்கம் சார் விஷயத்தில் நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. அவர் எங்கள் தெருக்காரர். அவரிடம் போய்ச் சான்று கேட்பதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தின் விலையைச் சந்தனமாரி கொடுத்தாள். அதனால்தான் இப்போது யாருக்கும் விலக்கு கிடையாது என்று நிற்கிறேன். உங்களுக்கு ஒரு விலக்கு கொடுத்தால் நாளை இன்னொருவர் கேட்பார், அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது.

என் மேசை மேல் அந்தப் பட்டியல் இருக்கிறது. முடித்தவர்களுக்குப் பச்சை, முடிக்காதவர்களுக்குச் சிவப்பு. பதினேழாம் எண் மட்டும் சிவப்பாக இருக்கிறது, அது உங்கள் பெயர். சாப்பிடும்போதும் அதுதான் கண் முன்னால் நிற்கிறது. நிறுவனத்தினர் வர இன்னும் பதின்மூன்று நாள்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காரணம் கேட்காதே என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. ஏதாவது பழைய வழக்கு இருக்கிறதா அக்கா? வரப்புத் தகராறு, அடிதடி, அப்படி எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. என்னிடம் சொல்லிவிட்டால் குழுவில் பேசி வழி பண்ணுவேன்.

இன்னொன்று. உங்கள் ஆதார் நகல் அலுவலகத்தில் இருந்தது. அதை வைத்து நானே நேற்று இணையத்தில் உங்கள் பெயரில் விண்ணப்பித்துவிட்டேன். நீங்கள் ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம், வேலையை விட வேண்டாம். எல்லாம் கம்ப்யூட்டரிலேயே பார்த்து முடித்துவிடுவார்கள். உங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை.

பயிற்சியின் இரண்டாம் நாளை வேறொரு ஞாயிற்றுக்கிழமை உங்களுக்காகவே வைக்கச் சொல்லியிருக்கிறேன். வாருங்கள்.

சித்ரா


சீவலப்பேரி
27.1.2025

சித்ரலேகா அம்மாவுக்கு,

உங்களுக்கு ஒரு சிரமமும் இல்லைன்னு எழுதியிருந்தீங்க. அந்தக் காயிதம் எனக்கு வெள்ளிக்கிழமை சாயந்தரம்தான் வந்துச்சு. போலீஸ் அன்னைக்குக் காலையிலேயே வந்துட்டு.

காரணம் கேக்காதீங்கன்னு சொன்னதுக்குக் காரணத்தை இப்ப சொல்லுதேன். தேன்மொழிக்குத் திசையன்விளையில ஒரு இடம் பேசிட்டிருந்தோம். பையன் பாத்திரக் கடை வச்சிருக்கான். பத்துல எட்டுப் பொருத்தம்னு அவுகளே பார்த்துச் சொன்னாவ. முடிஞ்சு பூ வைக்கிற வரைக்கும் வெளியில வாயைத் தொறக்கக் கூடாதுன்னு இருந்தோம். என் கூடப் பிறந்தவளுக்கே சொல்லல, உங்களுக்கு எப்படிச் சொல்ல?

பொண்ணு வீட்டைப் பத்தி ஊருக்குள்ள விசாரிக்கதுக்குப் பையனோட மாமா வெள்ளிக்கிழமை வந்திருக்காரு. வன்னியராஜ் டீக்கடையில உக்காந்து, இன்னாருன்னு சொல்லாம, பைய நாலு பேருகிட்ட பேச்சுக் கொடுத்திருக்காரு. அது எங்கயும் உள்ள வழக்கம்தான். மார்கழியில நானும் திசையன்விளைக்குப் போயி மூணு கடையில பையனைப் பத்திக் கேட்டுட்டுத்தான் வந்தேன்.

அந்த நேரத்துல ஏட்டையா பைக்கை நிறுத்திட்டு, கையில பேப்பரோட கடை வாசல்ல நின்னு கேட்டிருக்காரு. "ஏ வன்னியராஜ், இங்க முத்துராணின்னு ஒரு பொம்பளை இருக்காளாம்லா. பிள்ளைக விசயமா மேலயிருந்து விசாரிக்கச் சொல்லியிருக்காவ. ஆளு எப்படி வே? முன்னால கேசு கீசு எதுவும் உண்டா?"

பிள்ளைக விசயம். மேலயிருந்து. கேசு. இந்த மூணு சொல்லும் போதாதா?

வன்னியராஜ் நல்லபடியாத்தான் சொல்லியிருக்காரு. தங்கமான பொம்பளை, ஒரு சொல்லு கிடையாதுன்னு. யாரு கேக்கா அதை? அந்த மாமா பாதி டீயை அப்படியே வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டாராம். சாயந்தரம் புரோக்கரு போன் பண்ணி, சாதகத்தைத் திருப்பிப் பார்த்ததுல பொருத்தம் சரியா அமையலன்னு சொல்லுதான். எட்டுப் பொருத்தம் ஒரே நாள்ல எங்க போச்சு?

தேன்மொழி எங்கூடப் பேச மாட்டேங்கா. ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போறா, வாரா, சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடுதா. "ஊரு பிள்ளைகளைப் பார்க்கப் போனேல்லா, இப்ப நல்லா இரு"ன்னு ஒரே ஒரு தடவை சொன்னா. அதோட சரி.

எனக்கு வழக்கு இருக்கான்னு கேட்டீங்க. இல்லை. உங்களோட பழகுனது ஒண்ணுதான் நான் செஞ்ச குத்தம்.

மாப்பிள்ளையைப் பத்தி நானும் விசாரிச்சேன், நேர்ல போயி, என் மூஞ்சியைக் காட்டி. உங்களை மாதிரி, சம்பந்தப்பட்ட ஆளுக்கே தெரியாம போலீசை ஏவி விடல.

படிப்பகத்துச் சாவி இதோட இருக்கு. கவரைக் கிழிக்கும்போது கீழே விழுந்திரும், பார்த்து எடுங்க. சுண்டல் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தி வச்சிருக்கேன்.

முத்துராணி


பாளையங்கோட்டை
28 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

இன்று காலை கம்ப்யூட்டரைத் திறந்ததும் உங்கள் சான்றுதான் முதலில் வந்தது! 'இவர் மீது எவ்வித வழக்கும் இல்லை.' அச்சடித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு இருக்கிறதா என்று கேட்டதற்கு என்னை நாலு திட்டு திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

பயிற்சியின் இரண்டாம் நாள் மட்டும்தான் பாக்கி, அதற்குத் தேதி கொடுத்துவிட்டதால் பட்டியலில் உங்கள் வரியைப் பச்சையாக்கிவிட்டேன். ஆபீசில் எல்லோருக்கும் நான் டீ வாங்கிக் கொடுத்தேன். பார்த்தீர்களா, ஒரு சிரமமும் இல்லாமல் முடிந்துவிட்டது.

இனியாவது போனை எடுங்கள்.

சித்ரா


பாளையங்கோட்டை
6 பிப்ரவரி 2025

அக்கா,

உங்கள் கடிதமும் என்னுடையதும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. கவரைக் கிழித்ததும் சாவி மேசையில் விழுந்தது. அதே மேசையில் அந்தப் பச்சைப் பட்டியலும் இருந்தது. நான் எழுதி அனுப்பிய கடிதத்தை நினைக்க நினைக்க உடம்பு கூசுகிறது. அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், தயவுசெய்து.

தப்பு என்னுடையது. வேறு யார் மேலும் பழி இல்லை. மாசி வரை பொறு என்றீர்கள். நான் பொறுக்கவில்லை. கம்ப்யூட்டரோடு போய்விடும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன், யாரிடமும் கேட்கவில்லை.

மூன்றாம் தேதி உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் வயலுக்குப் போயிருந்தீர்கள். தேன்மொழி கதவைத் திறந்தாள், ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும் வரை நிலைப்படியில் நின்றாள். செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என்னைத் திட்டியிருக்கலாம். திசையன்விளைக்கு நானே போய் நடந்ததைச் சொல்லட்டுமா? சான்றைக் காட்டட்டுமா? நீங்கள் சொன்னால் மட்டுமே போவேன். இனி உங்கள் விஷயத்தில் உங்களைக் கேட்காமல் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்.

அன்று மாலை படிப்பகத்தையும் திறந்தேன். இருபத்து நாலில் பதினொரு பேர்தான் வந்தார்கள். கொண்டு விட நீங்கள் இல்லாததால் தாய்மார்கள் அனுப்பவில்லை. ஆறரைக்கு நானே அழைத்துப் போனேன். பாலத்தைத் தாண்டி எண்ணினேன், பத்துப் பேர். பேச்சிராஜ் மகன் சொரிமுத்துவைக் காணவில்லை. மற்ற பத்துப் பேரையும் விட்டுவிட்டுத் தேடி ஓடுவதா, அவர்களோடு நிற்பதா என்று தெரியவில்லை. கத்திக் கத்தித் தொண்டை அடைத்துவிட்டது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், படித்துறையில் முழங்கால் தண்ணீரில் நின்று, துண்டில் அயிரை மீன் பிடித்துக்கொண்டிருந்தான். "முத்துராணி அத்தைன்னா என் கையைப் பிடிச்சுக்குவாவ" என்றான். அந்தப் பத்து நிமிடம் இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நிறுவனத்தினர் வந்தபோது, ஒரு சான்றை ஒப்புதல் இல்லாமல் வாங்கினேன் என்று சொல்லிவிட்டேன். அவர்களில் ஒரு அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, "பட்டியலில் முதல் வரி ஏன் காலியாக இருக்கிறது?" என்று கேட்டார்.

முதல் வரி நான்.

என்னிடம் யாரும் சான்று கேட்டதில்லை அக்கா. கேட்கிற இடத்தில் இருந்ததால் எனக்கே தோன்றவில்லை. பயிற்சிக்கும் நான் உள்ளே உட்காரவில்லை. வாசலில் நின்று கையெழுத்து வாங்கினேன், டீ சொன்னேன், போன் பேசினேன். நீங்கள் கண்ணை மூடிக் கேட்ட அளவுகூட நான் கேட்கவில்லை.

இப்போது விண்ணப்பித்திருக்கிறேன். ஏட்டையா எங்கள் தெருவுக்கும் வரட்டும். அதோடு, உறவினர் அல்லாத ஒருவரிடம் நற்சான்றுப் படிவம் வாங்க வேண்டும். உங்கள் பெயரைக் கொடுக்கலாமா? படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். வேண்டாம் என்றால் அப்படியே கிழித்துவிடுங்கள், அதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. எழுதுவதானால் உள்ளதை எழுதுங்கள். நீங்கள் எழுதுவதை வைத்துத்தான் நான் இந்த வேலையில் இருப்பதா வேண்டாமா என்று குழு முடிவு செய்யும்.

நீங்கள் திரும்பி வர வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகள் கேட்கிறார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

சித்ரா


சீவலப்பேரி
19.2.2025

சித்ராவுக்கு முத்துராணி எழுதுவது.

உங்க படிவம் பத்து நாளா சாமி படத்துக்குப் பின்னால கிடந்துச்சு. கிழிக்கத்தான் எடுத்தேன். மாசி பிறந்துட்டுதேன்னு கிழிக்காம வச்சிட்டேன். மாசி பிறந்ததும் எழுதித் தாரேன்னு நான் சொன்ன சொல்லு இருக்குல்லா.

திசையன்விளைக்குப் போவாதீங்க. நீங்க போயி ஒண்ணு சொல்ல, அவுக ஒம்பது பேச, அது அறுப்பு முடியுத வரைக்கும் ஓடும். போன இடம் போவட்டும். தேன்மொழி முந்தாநாளுதான் பேசினா. "குழம்புல உப்பு இல்லை"ன்னா. எனக்கு அழுகையே வந்துட்டு.

இன்னும் கோவம் இருக்கு. அதையும் எழுதிடுதேன், இல்லைன்னு நினைச்சுக்கிடாதீங்க.

படிவத்தை நிரப்பதுக்கு முந்தி, தெரியாததை எழுதக் கூடாதுன்னு நேத்து உங்க தெருவுக்கு வந்தேன். நீங்க ஆபீஸ் போயிருப்பீங்கன்னு பார்த்துத்தான் வந்தேன். போலீசைக் கூட்டிட்டு வரல, பயப்படாதீங்க. இஸ்திரி போடுதவர்கிட்ட கேட்டேன். "அந்தப் பிள்ளையா, வேகமா நடக்கும், சிரிக்காது, துணி ரெடியாவலன்னா முறைக்கும்"னாரு. அடுத்த வீட்டுப் பார்வதியம்மாள் இருக்காவல்லா, அவுக நல்லாவே பேசுனாவ. "நல்லவதான். ஆனா யார் சொன்னாலும் காதுல வாங்க மாட்டா, அவளே ஒரு முடிவு எடுத்துட்டு நமக்கு நல்லது செஞ்சதா நினைச்சுக்கிடுவா"ன்னாவ. என் மனசுல உள்ளதை அப்படியே சொல்லுதாவளேன்னு இருந்துச்சு.

அவுக இன்னொண்ணும் சொன்னாவ. போன வருசம் மூணு மாசம், செவ்வாய்க்கிழமை தவறாம ஒரு சின்னப் பிள்ளையைக் காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்களாமே. ஆபீஸ்ல லீவு போட்டுட்டு. சந்தனமாரியோட அம்மா எங்கிட்ட மூச்சு விடல. நீங்களும் சொல்லல. ஏன் சொல்லல? உங்களைப் பத்தி ஒரு வருசமா நான் என்னென்னவோ நினைச்சுக்கிட்டு இருந்தேனே.

குற்றாலலிங்கம் சார் பத்தியும் அதே இஸ்திரிக்காரர்கிட்ட கேட்டேன். முந்தி ஒரு பள்ளிக்கூடத்துல பிள்ளையை அடிச்சுத்தான் பாதியிலே வெளியே வந்தாராம். போலீஸ் காயிதம் கேட்டிருந்தா அது சுத்தமாத்தான் வந்திருக்கும். தெருவுல ஒரு ஆளுகிட்ட கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். உங்க பட்டியல்ல அதுக்கும் ஒரு கட்டம் போடுங்க. ஆனா விசாரிக்கப் போற ஆளு பொம்பளையா, பைய பேசுத ஆளா இருக்கணும், டீக்கடை வாசல்ல நின்னு கத்தக் கூடாது. வேணும்னா நான் போறேன்.

ஒரு தப்பு நடந்துட்டு. பார்வதியம்மாள் பேசி முடிச்சிட்டு, "என்ன, சம்பந்தம் பேச விசாரிக்கியளோ?"ன்னு கேட்டாவ. வேற என்ன சொல்லன்னு தெரியாம நானும் தலையை ஆட்டிட்டேன். அதனால உங்க தெருவுல உங்களுக்கு மாப்பிள்ளை வந்திருக்குன்னு பேச்சு கிளம்புனா அது என் வேலை. கொஞ்சம் அனுபவிங்க.

படிவத்தை இதோட வச்சிருக்கேன். அதுல எழுதுனதை இங்கயும் எழுதுதேன், பெறகு மாத்திட்டேன்னு பேச்சு வரக் கூடாது.

எத்தனை வருடமாகத் தெரியும்? நாலு வருசம். விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது நேத்து.

இவருடைய நடத்தையில் குறை உண்டா? உண்டு. அவசரம். கேக்காம செய்வாங்க. செஞ்சது தப்புன்னு தெரிஞ்சா ஒளிக்க மாட்டாங்க.

இவரைக் குழந்தைகளுடன் தனியாக விட்டுச் செல்வீர்களா? மாட்டேன். பத்து நிமிசம் பிள்ளையைத் தொலைச்சவங்க. பிள்ளைக கூட எப்பவும் ரெண்டு பெரியவங்க இருக்கணும்னு அந்தப் பயிற்சி டீச்சர் மொத நாளு மத்தியானத்துக்கு மேலதான் சொன்னாங்க, நான் தூங்குனதா எழுதுனாங்கல்லா, அந்த நேரத்துல. அதனால இவரைத் தனியா விட மாட்டேன். கூட நான் இருப்பேன்.

வார திங்கக்கிழமை சாயந்தரம் சாவியைக் கொண்டு வாங்க. தபால்ல போட வேண்டாம்.

முத்துராணி அக்கா